கடைவீதியிலிருந்து சட்டமன்றத்துக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சட்டமன்றத்தில் ஒரு தமிழர் போய் அமர்வதென்பது தோட்டத்து லயத்திலிருந்து நேராக நடந்து சென்று அடையக்கூடிய ஸ்தானமாக ஒரு காலத்திலும் இருந்ததில்லை. பால்மரம் வெட்டியவனுக்கு வேலை தோட்டத்துடையது. குடியிருந்த வீடு தோட்டத்துடையது. பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும், ஆடி மாதத்தில் அவன் பொங்கலிட்ட மாரியம்மன் கோவிலும் தோட்டத்து மண்ணிலேயே நின்றன. துரையின் முகம் ஒரு நாள் கோணினால் வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விடும் என்ற நிலையில் இருந்த ஒரு மனிதன், எவ்வளவு புத்திசாலியாகவும் வாக்குவன்மை உடையவனாகவும் இருந்தாலும், மேடையேறி நின்று தன் ஜனங்களுக்காகப் பேசுவது எளிய காரியமா? ஆகையால் அந்தப் பேச்சைப் பேசும் பொறுப்பு, தோட்டத்துக்கு வெளியே, துரையின் கைக்கு எட்டாத தூரத்தில் சொந்தத் தொழில் வைத்திருந்தவர்களைத் தேடிச் சென்றது. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கோலக் கெட்டிலிலும் மளிகைக்கடை வைத்தவர், லாரி ஓட்டியவர், குத்தகை எடுத்தவர், நகைக்கடை நடத்தியவர், அச்சகம் வைத்தவர் ஆகியோரே அந்தச் சிறு நகரங்களில் முதலில் நாலு பேர் மதிக்கும் தமிழர்களாக ஆயினர்.

இது எவ்விதம் நேர்ந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ரப்பர் விலையின் ஏற்றமும், புதிதாகப் போடப்பட்ட இருப்புப்பாதையும், பினாங்குத் துறைமுகத்தின் அண்மையும் ஒன்று சேர்ந்து, தென்கெடாவின் காடுகளை ஒரு தலைமுறைக்குள் ரப்பர்த் தோட்டங்களாக மாற்றிவிட்டன. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா, ஸ்கார்பரோ, பட்டாணிப் பாரா என்று அத்தோட்டங்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அந்நியமாக இருந்தாலும், அவற்றின் நிரைகளில் விடியற்காலை ஒலித்த குரல்கள் தமிழ்க் குரல்களே. இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்து வென்ற கடாரம் இந்தப் பூமிதான் என்பதும், மெர்போக்கை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில்களின் அடித்தளங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன என்பதும் மேடைகளில் அடிக்கடி பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. ஆயினும் இன்றைய கெடாத் தமிழரின் சரித்திரம் சோழனின் கப்பல்களிலிருந்து அன்று, கங்காணி கூட்டி வந்த கப்பல்களிலிருந்தே தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டால் பிற்பட்ட விவகாரங்கள் எவையும் நமக்கு விளங்கமாட்டா.

தோட்டத்துக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கும் தொழிலாளிக்கும் இருந்த சம்பந்தம் வெறும் கொடுக்கல் வாங்கல் சம்பந்தம் அன்று. மாதம் முழுவதும் அரிசியும் பருப்பும் கடனுக்குப் போகும். சம்பள நாளில் பற்றுப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். எந்த வீட்டில் பிள்ளை நோயில் கிடக்கிறது, எவன் கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்தான், எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது, எவனுடைய பிறப்புப் பத்திரம் தொலைந்து போயிற்று என்பன யாவும் அக்கணக்கின் ஊடாகக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தன. பிறந்த ஊருக்குக் கடிதம் எழுதித் தருபவராகவும், நில அலுவலகத்துக்கு மனு எழுதித் தருபவராகவும், கோவில் நிர்வாகத்தின் தலைவராகவும், தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதியின் பொருளாளராகவும் அவர் மெல்ல மெல்ல ஆனார். கடன் கொடுத்தவர் என்ற அதிகாரமும் அதில் கலந்திருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஏழையின் நன்றியுணர்ச்சி வாக்காக மாறும்போது அதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு கடன் என்று பிரித்தறிவது கஷ்டம். என்றாலும், பிற்காலத்துக் கட்சிகள் வேட்பாளரைத் தேடிக் கடைவீதிக்கு வந்ததற்குக் காரணம் இந்தப் பரிச்சயமே.

தோட்டத்துக்கு உள்ளிருந்தே தலைமை தோன்ற முயன்ற ஒரு காலமும் இருந்தது. யுத்தம் முடிந்தபின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்பதும், தொழிலாளர்களைச் சுயமரியாதையும் ஒழுக்கமும் உடையவர்களாக ஒன்றுதிரட்டுவதும் அதன் நோக்கங்கள். தென்கெடாத் தோட்டங்கள் பலவற்றில் அது பரவியது, காவல் துறையோடு மோதல்கள் நிகழ்ந்தன, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று, தொண்டர்கள் பலர் சிறைப்பட்டனர். 1948இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதும் அவ்வகை இயக்கங்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. லயத்திலிருந்து எழுந்த தலைமை இவ்விதம் ஒடுக்கப்பட்டிராவிட்டால், பிற்காலத்துச் சட்டமன்றங்களில் பால்மரம் வெட்டிய கைகள் சிலவற்றையேனும் நாம் கண்டிருப்போம் என்றே நான் நம்புகிறேன்.

சட்டமன்றம் என்று சொல்லும்போது, அங்கே உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எவை மத்திய அரசின் விவகாரங்கள், எவை மாநிலத்தின் விவகாரங்கள் என்று பிரித்துக் கொடுக்கிறது. கல்வி மத்திய அரசிடம் உள்ளது. தொழிலாளர் சட்டமும் குடியுரிமையும் அங்கேதான். ஆனால் நிலம் மாநிலத்தினுடையது. ஊராட்சியும் மாநிலத்தினுடையது, மாநில விடுமுறை நாட்களை நிர்ணயிப்பதும் மாநிலமே. கோவில் நிற்கும் மண்ணுக்குப் பட்டா, தமிழ்ப்பள்ளியை வேறிடத்தில் எழுப்புவதற்கு மனை, இடுகாட்டுக்கு நிலம், தோட்டம் விற்கப்பட்டபின் நடுத்தெருவில் நிற்கும் குடும்பங்களுக்கு வீட்டுமனை ஆகிய யாவும் மாநில அரசின் பேனாவுக்காகக் காத்துக் கிடப்பவை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த வாரியமும் மாநிலந்தோறும் அமைவது. தோட்டத்திலே வாழ்ந்து தோட்டத்திலேயே சாகும் ஒரு சமூகத்துக்கு, கோலாலம்பூரில் உள்ள நாடாளுமன்றத்தைவிட அலோர் ஸ்டாரில் உள்ள சட்டமன்றம் நெருங்கிய பயன் உடையது என்று நான் சொல்வது இதனால்தான். நாடாளுமன்றத்துக்குப் போனவர்களை நாம் கொண்டாடிய அளவுக்குச் சட்டமன்றத்துக்குப் போனவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

சொந்தத் தொழில் உள்ளவர் பொதுவாழ்வுக்கு வருவதைப் பற்றிப் பேசும்போது, பேராக்கைச் சேர்ந்தவரே ஆயினும், துன் வீ. தி. சம்பந்தனை நினையாமல் அப்பால் செல்ல முடியாது. அவருடைய தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து உயர்ந்து, சுங்கை சிப்புட் பகுதியில் ரப்பர்த் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பினார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரானார். அதே ஆண்டுத் தேர்தலில் வென்று அமைச்சருமானார். அவர் அமர்ந்தது மாநிலச் சட்டமன்றம் அன்று, நாட்டின் சட்டமன்றம். ஆனால் அவர் செய்த காரியங்களுள் மிகப் பெரியது கெடாவில்தான் முதலில் வேரூன்றியது. ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழக்கும் ஆபத்து உண்டாயிற்று. தொழிலாளிகளே தோட்டங்களை வாங்கினால் என்ன என்ற எண்ணத்தோடு சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை ஒரு தொழிலாளி வாங்கலாம் என்பது ஏற்பாடு. அவரும் அவருடைய துணைவியார் உமா சுந்தரியும் தோட்டந்தோட்டமாகச் சென்று ஜனங்களிடம் விளக்கினார்கள். அவ்விதம் திரண்ட பணத்தைக் கொண்டு சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டமாகும். தந்தை தேடிவைத்த செல்வத்தின் பெரும்பகுதி பொதுவாழ்விலேயே கரைந்து போகச் சம்பந்தன் சம்மதித்தார் என்பதையும் நம் ஜனங்கள் இன்றளவும் நன்றியோடு சொல்லி வருகிறார்கள்.

இனி, கெடாத் தமிழரின் அரசியலில் எல்லோரும் அறிந்த தொகுதிக்கு வருவோம். மெர்போக் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய புக்கிட் செலாம்பாவில், வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மலாய்க்காரர், ஐந்தில் ஒரு பங்கினர் சீனர், மிச்சமுள்ள முப்பது விழுக்காட்டினர் இந்தியர் என்பது 2009ஆம் ஆண்டளவில் இருந்த நிலை. நாட்டில் இந்தியர் விகிதம் இவ்வளவு உயர்ந்திருந்த தொகுதிகள் மிகச் சில. 2007 நவம்பர் 25ஆம் நாள் இந்தியர் உரிமைகளைக் கோரி ஹிண்ட்ராஃப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணி தோட்டத்து ஜனங்களின் மனத்தில் மூட்டிய கனல் அடங்குவதற்குள், 2008 மார்ச் 8ஆம் நாள் பொதுத்தேர்தல் வந்தது. கெடாவின் 36 இடங்களில் 21 இடங்களை எதிர்க்கட்சிகள் கைப்பற்ற, பாஸ் கட்சியைச் சேர்ந்த அஸிஸான் அப்துல் ரசாக் மாநில முதல்வராகிய மந்திரி புசாரானார். அந்தத் தேர்தலில் கெடாவில் சுயேச்சையாக நின்று வென்றவர் ஒரே ஒருவர்: புக்கிட் செலாம்பாவில், அந்நாளைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் வி. சரவணனைத் தோற்கடித்த வி. ஆறுமுகம். கட்சிச் சின்னம் இல்லாமல் ஒரு தமிழர் பல்லின வாக்காளர்களின் ஆதரவைப் பெற்றது சாதாரண விஷயமன்று. பின்னர் அவர் எதிர்க்கட்சிகளுள் ஒன்றான கெஅடிலான் கட்சியில் சேர்ந்து மாநில ஆட்சிக்குழு உறுப்பினராகவும் ஆனார். ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 2009 பிப்ரவரியில், பதவியைத் துறந்துவிட்டார்.

அதையடுத்து 2009 ஏப்ரல் 7ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலைப் போன்ற ஒன்றை நாடு அதற்குமுன் கண்டதில்லை. நஜிப் பிரதமர் பொறுப்பை ஏற்று நான்கே நாட்கள் ஆகியிருந்தன. அதே நாளில் பேராக்கில் புக்கிட் கந்தாங்கிலும், சரவாக்கில் பாத்தாங் ஆயிலும் வாக்களிப்பு நடந்தது. புக்கிட் செலாம்பாவிலோ பதினைந்து பேர் களத்தில் இறங்கினர். கெஅடிலானின் எஸ். மணிகுமாரும், ம.இ.கா. எனும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் எஸ். கணேசனும் தவிர ஏனைய பதின்மூவரும் சுயேச்சைகள். மணிகுமார் 12,632 வாக்குகளும் கணேசன் 10,229 வாக்குகளும் பெற, 2,403 வாக்குகள் வித்தியாசத்தில் மணிகுமார் வென்று ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். சுயேச்சைகள் பதின்மூவரும் வைப்புத்தொகையை இழந்தனர். மாநிலத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி; பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாதவர்க்கு அது திரும்புவதில்லை. சட்டம் அனுமதிக்கும் தேர்தல் செலவோ ஒரு லட்சம் வெள்ளி வரை. இவ்வளவு தொகையைக் கையிலிருந்து எடுத்து வைத்துத் தோற்கவும் துணியக்கூடியவர் யார்? மாதச் சம்பளக்காரர் அல்லர். தோட்டத் தொழிலாளி நிச்சயமாக அல்லர். தொழில் வைத்திருப்பவர்களையே தேர்தல் களம் தன்பால் இழுப்பதற்கு, ஜனங்களின் பரிச்சயம் ஒரு காரணம் என்றால், இந்தச் செலவு இன்னொரு காரணம்.

கெடாத் தமிழரின் நினைவில் ஆறாத வடுவாக உள்ள இன்னொரு தொகுதி லூனாஸ். அதன் சட்டமன்ற உறுப்பினரும் ஆட்சிக்குழு உறுப்பினருமாக இருந்த டாக்டர் ஜோ ஃபெர்னாண்டஸ் 2000 நவம்பர் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 29ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் எஸ். அந்தோணிசாமியை 530 வாக்குகளில் வென்றவர் கெஅடிலானின் சைஃபுடின் நசுத்தியோன். அந்த ஒரே இடத்தை இழந்ததால் தேசிய முன்னணி கெடாச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. தோட்டத்து வாக்குகளை உரிமையோடு தன்னுடையவை என்று எந்தக் கட்சியும் எண்ணியிருக்க இயலாது என்பது 2008க்கு எட்டு ஆண்டுகள் முன்னமே லூனாஸில் தெரிந்துவிட்டது.

தொழிலதிபர் ஒருவர் வென்று, ஆட்சிக்குழுவிலும் அமர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தொழில் என்னாவது? அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை இதற்குத் தெளிவான விதி வகுத்திருக்கிறது. ஆட்சிக்குழு உறுப்பினர் தம் பொறுப்பில் உள்ள இலாகாவோடு சம்பந்தப்பட்ட எந்த வியாபாரத்திலும் தொழிலிலும் ஈடுபடலாகாது. வேறு தொழில் நடத்துகிறவராயின், அத்தொழிலைப் பற்றியோ தம் பொருளாதார நலனைப் பாதிக்கக்கூடியதாகவோ குழுவில் எழும் எந்தத் தீர்மானத்திலும் பங்குகொள்ளலாகாது. கடனில் மூழ்கி நொடித்துப்போனவராகப் பிரகடனம் செய்யப்பட்டு அதிலிருந்து விடுவிக்கப்படாதவரோ சட்டமன்ற உறுப்பினராக இருக்கவே தகுதியற்றவர். இவ்விதிகளை வேட்புமனு கொடுக்கும் நாளன்று எத்தனை பேர் படித்துப் பார்க்கிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. லாரியும் குத்தகையும் நிலமும் வைத்திருக்கும் ஒருவர், நிலத்தையும் குத்தகையையும் பற்றி முடிவு செய்யும் அறைக்குள் போகிறார். வாரந்தோறும் அந்த அறையில் எழும் விவகாரங்களில் பாதிக்கு அவர் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தால், அவரை நம்பி வாக்களித்த லயத்து ஜனங்களுக்காகப் பேசுவது யார்? எனவே வியாபாரத்தை மகனிடமோ பங்காளியிடமோ ஒப்படைத்து, உண்மையாகவே விலகிவிட்டு வருகிறவர்தான் அந்த ஆசனத்துக்கு முழுப் பயன் தருவார்.

தொழில் குடும்பத்திலிருந்து சட்டமன்றத்துக்கு வந்து பயன் தந்தவர் ஒருவரைத் தமிழகத்திலே காணலாம். பொள்ளாச்சியைச் சேர்ந்த நா. மகாலிங்கம் பேருந்துத் தொழிலில் பெயர்பெற்ற நாச்சிமுத்துக் கவுண்டரின் மகன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்; காங்கிரஸ் சார்பில் மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அக்காலத்தில் அவர் விடாமல் வாதாடியது, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைக் கொங்கு நாட்டு வறண்ட பூமிக்குத் திருப்பும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காக. சக்தி சர்க்கரை ஆலையை 1961இல் நிறுவி, அரசியலிலிருந்து ஒதுங்கிய பின் தொழிலிலும் ஆன்மிகத்திலும் மூழ்கி, 2014 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்த அவரைப் பற்றிப் பல விதமாகப் பேசலாம். தொகுதியின் நிரந்தரத் தேவை ஒன்றைப் பற்றிக்கொண்டு அதையே சாதித்தார் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. பொள்ளாச்சிக்கு நீர் எப்படியோ, தென்கெடாத் தமிழருக்கு நிலம் அப்படி.

ஆயினும் மகாலிங்கத்துக்கு இருந்த ஒரு சௌகரியம் கெடா வியாபாரிக்கு இல்லை. இந்தியாவில் ஊராட்சியிலும் நகராட்சியிலும் நின்று, தோற்று, வென்று, பழகிக்கொண்டு மேலே ஏறலாம். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன; 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்பின், நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. கடையின் உரிமமும் கால்வாயின் துப்புரவும் பற்றி நாளும் அக்கறை கொண்ட ஒரு வியாபாரி இயல்பாகத் தன் பொதுவாழ்வைத் தொடங்கியிருக்க வேண்டிய படி இதனால் இல்லாமலே போயிற்று. கட்சித் தலைவரின் சிபாரிசு இல்லாமல் நகராண்மைக் கழகத்துக்குள் நுழைய இயலாது. ஆகவே ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லும் பயிற்சிக்கு முன்பே தலைவருக்குக் கணக்குச் சொல்லும் பயிற்சி அவருக்கு வந்துவிடுகிறது. சுயேச்சையாகப் பதின்மூவர் ஒரே நாளில் நின்றார்கள் என்ற செய்தியைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. வேறு வாசல் திறந்திருந்தால் அவர்களில் சிலர் நல்ல நகராண்மைக் கழக உறுப்பினர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

புக்கிட் செலாம்பாவை 2013இல் கிருஷ்ணமூர்த்தியும், 2018இல் ஆர். சம்முகமும் கெஅடிலானுக்காகக் காத்தனர். 2018இல் அமைந்த முக்ரிஸ் மகாதீரின் மாநில அரசு, உறுப்பினர் சிலர் பக்கம் மாறியதால் 2020 மே மாதத்தில் கவிழ்ந்து, சனூசி முகமட் நோர் மந்திரி புசாரானார். அடுத்த ஆண்டுத் தைப்பூசத்துக்குக் கெடாவில் வழங்கப்பட்டு வந்த விடுமுறை ரத்துச் செய்யப்பட்டபோதுதான், விடுமுறையும் மாநிலத்தின் கையில் இருக்கும் ஒரு பொருள் என்பதை நம் ஜனங்களில் பலர் முதன்முறையாக அறிந்தார்கள். 2023 ஆகஸ்டு 12ஆம் நாள் நடந்த தேர்தலில் 36 இடங்களில் 33 இடங்களைப் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி வென்றது. புக்கிட் செலாம்பா ஒரு தமிழரின் கையிலிருந்து போயிற்று.

இந்நிலையில், தொழில் செய்து முன்னேறிய தமிழர் எவரேனும் அடுத்த தேர்தலை எண்ணிப் பார்க்கிறார் என்றால், அவர் விளம்பரப் பலகைக்குச் செலவிடும் முன் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தோட்டந்தோறும் சென்று, எந்தக் கோவில் எவருடைய மண்ணில் நிற்கிறது, எந்தத் தமிழ்ப்பள்ளியின் மனை இன்னும் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் எங்கே எந்த உரிமையில் குடியிருக்கின்றன என்று, பற்றுப் புத்தகத்தில் எழுதிய அதே கவனத்தோடு அவர் எழுதி வைக்கட்டும். நில அலுவலகத்தில் மனு கொடுப்பதற்குச் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. மனுவைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் நினைவூட்டலாம். வந்த பதிலைக் கோவில் நிர்வாகத்திடமும் பள்ளி வாரியத்திடமும் ஒப்படைக்கலாம். அந்தக் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குக் கேட்க வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்பதற்கு முன்பாக, எந்தெந்த நிலத்துக்கு எண் வாங்கியிருக்கிறீர்கள் என்று தோட்டத்து ஜனங்கள் கேட்க வேண்டும்.